களவு போகும் பதினொன்றாம் வகுப்பு

2025 ஆகஸ்ட் 8 அன்று தமிழ்நாட்டின் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானபோது, பதினொன்றாம் வகுப்புக்கு இனிப் பொதுத்தேர்வு கிடையாது என்ற முடிவும் உடன் வந்தது. 2025-26 கல்வியாண்டிலேயே அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று ஆண்டுகள் அடுத்தடுத்துப் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளின் சுமையைக் குறைக்க வேண்டும் என்ற நோக்கத்தில் நாம் குறை காணவில்லை. ஆனால், 2017-18இல் எந்த நோய்க்கு மருந்தாக அந்தத் தேர்வு கொண்டுவரப்பட்டதோ, அந்த நோய் இன்னும் தீரவில்லை. முன்னைவிட முற்றியிருக்கிறது. நோய் இருக்கும்போதே மருந்தை நிறுத்தியிருக்கிறோம்.

பிளஸ் ஒன் பாடத்தை நடத்தாமலே விட்டுவிடுவதுதான் அந்த நோய். ஜூன் மாதம் பதினொன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளைக்கு நேரே பிளஸ் டூ பாடத்தைத் தொடங்கி, அதையே இரண்டு ஆண்டுகள் உருப்போட வைத்தார்கள். நாமக்கல் வட்டாரத்து விடுதிப் பள்ளிகளின் பெயரைச் சொல்லியே ஊரெல்லாம் இதைப் பேசியது. பிற மாவட்டங்களும் பின்தங்கிவிடவில்லை. அப்போது இங்கே நீட் என்ற தேசிய மருத்துவ நுழைவுத்தேர்வு இல்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். 1984 முதல் இருந்த நுழைவுத்தேர்வைத் தமிழ்நாடு சட்டம் இயற்றி நீக்கி, 2007 முதல் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே மருத்துவ, பல் மருத்துவ இடங்களை நிரப்பிவந்தது. இடம் வாங்கித் தருவது பிளஸ் டூ மதிப்பெண் என்று ஆனதும் பிளஸ் ஒன் வேண்டாத சுமையாகிவிட்டது. 2017இல் நீட் வந்தது. இடம் வாங்கித் தருவது நீட் என்று ஆனதும், பிளஸ் ஒன்னோடு பிளஸ் டூவும் சேர்ந்து ஓரம்கட்டப்படுகிறது.

ஆகவே இது நீட்டை ஆதரிப்பவர்களுக்கும் எதிர்ப்பவர்களுக்கும் இடையிலான வழக்கு அல்ல. நீட் நியாயமற்றது என்று கருதுகிறவர்களும் இதைக் கண்டிக்கக் கடமைப்பட்டவர்கள். நீட்தான் தகுதியைக் காட்டுகிறது என்பவர்களுக்கு அந்தக் கடமை இன்னும் கூடுதல்.

இன்று நடப்பது என்ன? பள்ளிக்கும் பயிற்சி நிறுவனத்துக்கும் ஒப்பந்தம் போட்டு, 'இன்டகிரேட்டட்' வகுப்பு என்று ஒன்றை நடத்துகிறார்கள். அரசுப் பாடநூல் பையிலேயே கிடக்கிறது. கையில் இருப்பது 'மெட்டீரியல்'. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் இரண்டு பக்கச் சூத்திரம், நூற்றுக்கணக்கில் கொள்குறி வினா. வாரக் கடைசியில் ஓ.எம்.ஆர். தாளில் மாதிரித் தேர்வு. ஆய்வகம் பூட்டிக் கிடக்கிறது. ரெக்கார்டு நோட்டை முந்தைய ஆண்டு மாணவரிடமிருந்து வாங்கி இரண்டு இரவில் நகல் எடுத்துவிடுகிறார்கள். எட்டாம் வகுப்பிலிருந்தே 'ஃபவுண்டேஷன்' என்ற பெயரில் இதைத் தொடங்கும் இடங்களும் உண்டு. வடக்கே இது இன்னும் அப்பட்டமாக நடக்கிறது. பெயருக்குப் பள்ளியில் சேர்ந்து, பயிற்சி மையத்திலேயே நாளைக் கழிக்கும் 'டம்மி' பள்ளி முறையை எதிர்த்து சி.பி.எஸ்.இ. 2024இல் டெல்லியிலும் ராஜஸ்தானிலும் பள்ளிகளின் இணைப்பையே ரத்து செய்ய வேண்டியிருந்தது.

அறிவியலைக் கற்பதற்கு முன்பே அந்த அறிவியலின் மேல் நடக்கும் தேர்வுக்குப் பிள்ளையைப் பழக்குவது கற்பித்தல் முறையில் ஒரு மாறுதல் என்று சொல்வதை நாம் ஏற்கவில்லை. இது களவு. பதினாறு வயதுப் பிள்ளைக்குச் சேர வேண்டிய ஓராண்டுக் கல்வியை எடுத்துக்கொண்டு, எடுத்ததற்குக் கட்டணமும் வாங்குகிறார்கள்.

கடுமையான சொல் என்று தோன்றினால், அந்தப் பிள்ளை போய்ச் சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும். எம்.பி.பி.எஸ். பற்றியே எல்லாரும் பேசுகிறோம். அதே நீட் மதிப்பெண்ணில்தான் பல் மருத்துவப் படிப்பான பி.டி.எஸ்.-க்கும் சேர்க்கை நடக்கிறது. நான்கு ஆண்டுப் படிப்பு, ஓராண்டு உள்ளுறைப் பயிற்சி. முதலாண்டிலேயே உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகியவற்றோடு பல்லின் அமைப்பும் பாடமாகிறது. பிளஸ் ஒன் படித்தவர் என்று எண்ணிக்கொண்டுதான் அங்கே ஆசிரியர் பேசத் தொடங்குவார்.

சீழ் கோத்த கடைவாய்ப் பல்லோடு ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கன்னம் வீங்கியிருக்கிறது. பல்லைப் பிடுங்க மரத்துப்போகும் ஊசி போட்டாயிற்று. ஆனால் மரக்கவில்லை. இன்னொரு ஊசி போட்டும் மரக்கவில்லை. நோயாளி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறார். ஏன்? அந்த ஊசியில் இருக்கும் லிக்னோகெய்ன் என்ற மருந்து ஒரு வலிமை குறைந்த காரம். அதன் மூலக்கூறுகளில் மின்சுமை இல்லாதவைதான் நரம்பின் சவ்வைக் கடந்து உள்ளே போய்ச் சோடியம் கால்வாய்களை அடைக்க முடியும். நல்ல திசுவில் பி.எச். ஏறத்தாழ 7.4. சீழ் பிடித்த இடத்தில் அது இறங்கி அமிலமாகிவிடுகிறது. அமிலச் சூழலில் மின்சுமை ஏறிய மூலக்கூறுகளின் பங்கு கூடிவிடுவதால் நரம்புக்குள் போகும் மருந்து குறைந்துபோகிறது. காரணம் புரிந்த மருத்துவர் அதே இடத்தில் மேலும் மேலும் குத்தமாட்டார். சீழ் எட்டாத இடத்தில், நரம்பு புறப்பட்டு வரும் பாதையில் ஊசியைப் போடுவார். புரியாதவருக்கு அது மனப்பாடம் செய்த ஒரு குறிப்பு. அவசரத்தில் நினைவுக்கு வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை.

இந்த ஒரு ஊசிக்குப் பின்னால் இருப்பது பிளஸ் ஒன் விலங்கியலின் நரம்பு மண்டலப் பாடம், பிளஸ் ஒன் வேதியியலின் வேதிச்சமநிலைப் பாடம். மாநிலப் பாடநூலில் வேதிச்சமநிலையை அடித்தளமாக வைத்துத்தான் பிளஸ் டூவின் அயனிச் சமநிலை கட்டப்பட்டிருக்கிறது. ஒரு சமநிலையை ஒரு பக்கம் அழுத்தினால் அது எந்தப் பக்கம் நகரும் என்பதைப் பிளஸ் ஒன்னில் நிதானமாக, கேள்வி கேட்டு, பிழை செய்து, திருத்திக்கொண்டு கற்க வேண்டும். மாதிரித் தேர்வுக்குத் தயாராகும் வகுப்பில் அதற்கு நேரம் இல்லை. நீட் தாளில் 180 கேள்விகளுக்கு 180 நிமிடம். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறானால் ஒன்று கழியும். அதனால் சமநிலை என்றால் என்ன என்பதை விட்டுவிட்டு, நான்கு விடைகளில் எந்த இரண்டை முதலில் தள்ளலாம் என்று சொல்லித்தருகிறார்கள். அந்த வித்தையால் மதிப்பெண் வரும். ஆனால் துடிக்கிற நோயாளியின் முன்னால் நிற்கும்போது, தள்ளிவிடுவதற்கு நான்கு விடைகளை யாரும் எழுதி வைத்திருக்கமாட்டார்கள்.

இயற்பியலுக்கு வருவோம். பிளஸ் ஒன் ஆய்வகத்தில் முதலில் கையில் எடுப்பது வெர்னியர் அளவியும் திருகு அளவியும். ஒன்று மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கையும் மற்றது நூறில் ஒரு பங்கையும் காட்டும். வேர்க்குழாய் சிகிச்சை செய்யும் மருத்துவர், பல்லின் வேருக்குள் செலுத்தும் ஃபைல் வேர் நுனிக்கு அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் முன்பாகவே நிற்கும்படி பார்த்துக்கொள்கிறார். தாண்டினால் எலும்புத் திசுவில் குத்தும். எட்டாவிட்டால் கிருமி உள்ளேயே தங்கும். அளவை என்பது கையிலும் கண்ணிலும் ஏற வேண்டிய ஒழுக்கம். 2024 முதல் நீட் பாடத்திட்டத்தில் செய்முறைத் திறன்கள் என்ற அலகே சேர்க்கப்பட்டு, இந்தக் கருவிகளும் அதில் இடம்பெற்றிருக்கின்றன. ஆய்வகம் இதனாலாவது திறக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் அளவியைத் தொட்டே பார்க்காத பிள்ளையும் முதன்மைக்கோல் அளவீட்டோடு, ஒன்றிய கோட்டின் எண்ணை மீச்சிற்றளவால் பெருக்கிக் கூட்டிச் சரியான வட்டத்தைக் கறுப்பாக்கிவிட முடியும்.

இதைவிட வருத்தமான ஒன்று உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில் பாடச்சுமையைக் குறைப்பதாகச் சொல்லி என்.சி.இ.ஆர்.டி. தன் நூல்களிலிருந்து பல பாடங்களை நீக்கியது. அதை ஒட்டி, 2024 நீட் தேர்வுக்கான பாடத்திட்டத்தைத் தேசிய மருத்துவ ஆணையம் வெட்டிச் சுருக்கியது. அப்படி வெளியேறியவற்றில் ஒன்று செரிமானப் பாடம். மனிதனுக்கு எத்தனை பல், எந்தப் பல் எதற்கு, பால்பல் விழுந்து நிலைப்பல் எப்படி முளைக்கிறது, பற்சூத்திரம் என்றால் என்ன என்பதெல்லாம் வரும் பாடம் அதுதான். அதோடு எஸ் தொகுதித் தனிமங்களும் போயின. பல் மருத்துவ மாணவர் செயற்கைப் பல்வரிசைக்கு அச்சு வார்க்கக் கலக்குகிற பாரிஸ் சாந்து ஏன் தண்ணீர் பட்டதும் இறுகுகிறது என்பது அந்தப் பாடத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டின் பிளஸ் ஒன் பாடநூலில் இரண்டும் இருக்கின்றன. ஆனால் 'நீட்டுக்கு வேண்டாதது' என்று முத்திரை குத்தி, முதல் நாளே அந்தப் பக்கங்களை மடித்துவைக்கச் சொல்லும் வகுப்புகள் இருக்கின்றன. பல்லைப் பற்றி மேல்நிலை வகுப்புகளில் ஒரு வரிகூடப் படிக்காமலேயே பல் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைய இன்று ஒருவரால் முடியும். இதைக் கேட்டு ஒரு கல்வித் துறைக்கு வெட்கம் வர வேண்டும்.

பெற்றோர் என்ன செய்வார்கள் என்று கேட்பது நியாயமான கேள்வி. அயலார் பிள்ளை ஒன்பதாம் வகுப்பிலேயே பயிற்சிக்குப் போகிறது. நம் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்ற பயம் ஒரு தாயின் தூக்கத்தைக் கெடுப்பதை நாம் அலட்சியம் செய்யவில்லை. தாலிக்கொடியை அடகு வைத்துக் கட்டணம் கட்டும் குடும்பங்கள் பேராசைக்காரக் குடும்பங்கள் அல்ல. ஆனால் அந்தப் பயத்தைக் காசாக்குகிறவர்கள் சொல்லும் வாக்குறுதி பொய் என்பதற்கு நம் மாநிலத்துக் கணக்கே சாட்சி. 2021இல் நீதிபதி ஏ.கே. ராஜன் குழு கொடுத்த அறிக்கையின்படி, 2016-17இல் மருத்துவப் படிப்புக்கு வந்தவர்களில் முந்தைய ஆண்டுகளில் பள்ளியை முடித்தவர்கள் 12.47 சதவீதம். 2020-21இல் அது 71.42 சதவீதம். பாடத்தைத் தாண்டிக் குதித்தால் சீக்கிரம் போய்ச் சேரலாம் என்று சொல்லித்தான் பிளஸ் ஒன்னைப் பறிக்கிறார்கள். பிறகு அதே பிள்ளையை 'ரிப்பீட்டர்' என்று பெயரிட்டு, இன்னும் ஓராண்டு, இரண்டாண்டு உட்காரவைத்துப் புதுக் கட்டணம் வாங்குகிறார்கள். அந்தக் கூடுதல் ஆண்டில் முதலில் சொல்லித்தருவது எதை? எந்த ரிப்பீட்டரையும் கேட்டுப் பாருங்கள்: பிளஸ் ஒன் பாடத்தை.

கூடுதல் ஆண்டுகளை வாங்கப் பணம் உள்ளவர்களுக்கு இது தாங்கும். கூலி வேலை பார்க்கும் வீட்டுப் பெண்பிள்ளைக்குத் தாங்காது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவ, பல் மருத்துவப் படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை 2020இல் தமிழ்நாடு சட்டமாக்கியது. நல்ல சட்டம். அந்த வழியாக வரும் பிள்ளைகளுக்குப் பிளஸ் ஒன் பாடத்தை முழுக்க நடத்தி, சனிக்கிழமையும் வந்து பயிற்சி கொடுக்கும் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களை நாம் வணங்குகிறோம்.

வேறு நாட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். அமெரிக்காவில் பல் மருத்துவக் கல்லூரிக்கு டாட் என்ற நுழைவுத்தேர்வு உண்டு. அங்கேயும் மாணவர்கள் அவசரப்படுவதுண்டு. கரிம வேதியியலை முடிப்பதற்குள் வினாத்தொகுப்பை வாங்கிவைத்துக்கொண்டு உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த அவசரம் பாடத்தையே விழுங்கிவிட முடியாத ஓர் ஏற்பாடும் அங்கே உண்டு. உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல் ஆகியவற்றை ஆய்வகத்தோடு கல்லூரியில் படித்துத் தேறிய சான்றையும் பல் மருத்துவக் கல்லூரிகள் தனியாகக் கேட்கின்றன. டாட் தேர்வில் இயற்பியல் இல்லை. இருந்தும் பெரும்பாலான கல்லூரிகள் இயற்பியல் படித்திருக்க வேண்டும் என்கின்றன. தேர்வு மதிப்பெண் ஒரு பக்கம், படித்ததற்கான கணக்கு இன்னொரு பக்கம். நம்மிடம் அந்த இரண்டாவது பக்கம் வெறுமையாகிவிட்டது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் சேர்த்து 50 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 சதவீதம் இருந்தால் போதும். பிளஸ் ஒன் மதிப்பெண்ணை உயர்கல்விக்குக் கணக்கில் எடுப்பதில்லை என்று 2018இலேயே தமிழ்நாடு முடிவு செய்துவிட்டது. அப்போதும் பொதுத்தேர்வு என்ற வேலி மிச்சம் இருந்தது. தேற வேண்டும் என்பதற்காகவாவது ஏதோ கொஞ்சம் நடத்தினார்கள். இப்போது வேலியும் இல்லை.

யார் மேல் பழி என்பதைப் பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறோம். பிள்ளை மேல் இல்லை; துளியும் இல்லை. பெற்றோரின் அச்சம் புரிகிறது. ஆனாலும், என்ன நடத்துகிறீர்கள் என்று பள்ளியைக் கேட்காமல் எத்தனை மதிப்பெண் வரும் என்று மட்டும் கேட்டதில் அவர்களுக்கும் பங்கு உண்டு. பெரும்பழி, பாடத்தை நடத்துவதாக அரசிடம் அங்கீகாரம் வாங்கிக்கொண்டு நடத்தாமல் விடும் பள்ளி நிர்வாகங்களைச் சேரும். வணிக நிறுவனம் லாபம் பார்ப்பது எதிர்பார்க்கக்கூடியது. ஆசிரியர் என்ற பெயரைத் தாங்கிக்கொண்டு, வருகைப் பதிவேட்டில் 'வேதியியல் செய்முறை' என்று எழுதிவிட்டு, அந்த நேரத்தை மாதிரித் தேர்வுக்குக் கொடுப்பது பொய்க் கையெழுத்து. அதைப் பார்த்தும் பாராமல் இருந்த கல்வி அலுவலர் அந்தப் பொய்க்குச் சாட்சிக் கையெழுத்து போட்டவர்.

அரசு தப்பிக்க முடியாது. பொதுத்தேர்வை மீண்டும் கொண்டுவா என்று நாம் கேட்கவில்லை. அந்தச் சுமை பிள்ளையின் தலையில்தான் விழும், பாடத்தை நடத்தாத நிர்வாகத்தின் தலையில் விழாது. சோதிக்க வேண்டியது பள்ளியை. பிளஸ் ஒன் செய்முறைத் தேர்வை வேறு பள்ளி ஆசிரியர்களை வைத்து நடத்தட்டும். முன்னறிவிப்பு இல்லாமல் ஆய்வகத்துக்குள் போய், எந்தப் புட்டி திறக்கப்பட்டிருக்கிறது, எந்த அளவியில் தூசி படிந்திருக்கிறது என்று பார்க்க ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு குழு போதும். பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களையும் பத்தாம் வகுப்பை முடிக்காதவர்களையும் பயிற்சி மையங்கள் சேர்க்கக் கூடாது என்று ஒன்றியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வழிகாட்டு நெறி வெளியிட்டது. கல்வி உரிமையில் ஒன்றிய அரசோடு நமக்கு ஆயிரம் சண்டை உண்டு; ஆனால் இந்த நெறி பிள்ளைகளைக் காப்பது. இதைத் தமிழ்நாடு தன் சட்டமாகவே இயற்றி, பள்ளி வளாகத்துக்குள் பள்ளி நேரத்தில் பயிற்சி நிறுவனம் நுழைவதையும் அதில் சேர்த்துத் தடை செய்ய வேண்டும்.

அதுவரை, பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளையின் பெற்றோருக்கு: இந்த வாரம் வேதியியல் ரெக்கார்டு நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். எழுத்து புரியாவிட்டாலும் பரவாயில்லை. இந்தச் சோதனையை நீ கையால் செய்தாயா, என்ன நிறம் வந்தது என்று கேளுங்கள். பிள்ளை தலையைக் குனிந்தால் பிள்ளையைத் திட்டாதீர்கள். நோட்டை எடுத்துக்கொண்டு நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போங்கள். கட்டணம் கட்டியவர் நீங்கள், கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.